கையெழுத்து இல்லாத குறிப்பேடு

முனைவர் பட்டத்துக்குப் பதிந்தபோது, நல்ல தலைப்பு கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். "தமிழ்ப்பள்ளி மாணவர்களின் வாசிப்பை மேம்படுத்துவது எப்படி?" என்று எழுதிக்கொண்டு போனேன். மேற்பார்வையாளர் சிரித்தார். "நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் நீங்களே போகப் போகிறீர்களா, டீச்சர்?"

சுருக்கினேன். அடுத்த மாதம் கொண்டுபோனது இது: "பெற்றோரின் அக்கறையின்மை இரண்டாம் ஆண்டு மாணவர்களின் வாசிப்பை எவ்வாறு பாதிக்கிறது?" இம்முறை அவர் சிரிக்கவில்லை. 'அக்கறையின்மை' என்ற சொல்லை வட்டமிட்டார். "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என் வகுப்பில் பாதி வாசிப்புக் குறிப்பேடுகளில் பெற்றோர் கையெழுத்து இல்லை. என்னிடம் இருந்த ஆதாரம் அவ்வளவுதான்.

அந்த வாரம், கையெழுத்தே இல்லாத ஒரு பையனின் அம்மா பள்ளிக்கு வந்தார். தொழிற்சாலையில் மதியம் 3 முதல் இரவு 11 வரை வேலை. "எட்டு மணிக்கு ரெஸ்ட் டைம், டீச்சர். வீடியோ கால் போடுவேன். அவன் படிச்சுக் காட்டுவான். கையெழுத்துதான் போட முடியறதில்ல" என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆராய்வதற்கு முன்பே என் கேள்வி தீர்ப்பு எழுதிவிட்டிருந்தது. அதோடு போயிருந்தால், இப்படிப்பட்ட தாய்மார்கள் 'அக்கறையற்ற பெற்றோர்' பட்டியலில் ஓர் எண்ணாகியிருப்பார்கள்.

பண்புசார் ஆய்வில் கேள்வியை 'என்ன', 'எப்படி' என்று தொடங்கச் சொல்கிறார் ஆய்வுமுறை அறிஞர் ஜான் கிரெஸ்வெல். 'பாதிக்கிறது' போன்று விளைவை முன்கூட்டியே சொல்லும் சொற்கள் வேண்டாம் என்கிறார். மைய வினா ஒன்றிரண்டு, துணை வினாக்கள் ஏழுக்கு மேல் போகக் கூடாது என்பது அவர் கணக்கு. படித்திருந்தேன்; பட்ட பிறகுதான் புரிந்தது.

இப்போதைய கேள்வி: "ஷிப்ட் வேலை செய்யும் பெற்றோர், இரண்டாம் ஆண்டில் பயிலும் பிள்ளைகளின் தமிழ் வாசிப்புக்கு எவ்வகைகளில் துணைபுரிகிறார்கள்?" பகுதிநேரமாகப் படிக்கும் என்னால் 12 குடும்பங்களைச் சந்திக்க முடியும். என் பள்ளிப் பெற்றோர் என்னிடம் மனம்விட்டுப் பேசத் தயங்கலாம். அதனால் வேறு பள்ளிகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். முக்கியமாக, விடை எனக்கு இன்னும் தெரியாது.

ஆய்வு முன்மொழிவு எழுதும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு யோசனை. யாரைப் பற்றி ஆராயப் போகிறீர்களோ, அவரிடமே கேள்வியை வாசித்துக் காட்டுவதாக நினைத்துப் பாருங்கள். அவர் தலைகுனிவார் என்று தோன்றினால், கேள்வியைத் திருத்துங்கள்.

நேர்காணல்களுக்கு நேரம் குறித்துக்கொண்டிருக்கிறேன். இரவு 8 மணியை மட்டும் யாரிடமும் கேட்பதில்லை. அது பிள்ளைகளின் நேரமாக இருக்கலாம்.