ஆசான் பெற்ற புகழ்

புகழ் எவ்விடத்தும் ஒரு தன்மையதன்று. தமிழராகிய சைமன் சுந்தரராஜ் 1960-ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் சென்ற இந்தியக் கால்பந்துக் குழுவில் இடம்பெற்றவர். பின்னர் அவர் பயிற்றிய கேரள அணியே 1973-இல் எறணாகுளத்தில் இரயில்வே அணியை வென்று, முதன்முறையாகச் சந்தோஷ் கோப்பையைக் கைக்கொண்டது. அன்று மூன்று கோல் அடித்த அணித்தலைவர் மணியின் பெயர் மலையாள நாடெங்கும் பரவிற்று. அது தக்கதே. ஆயினும் பயிற்றிய ஆசானை அவர் பிறந்த தமிழகம் எவ்வளவு அறியும்?

ஆவடி, அம்பத்தூர்த் திடல்களில் மாலைதோறும் பந்தாடும் நம் தோழர் சிலரை வினவினோம். ஐரோப்பியப் பயிற்சியாளர் பெயர்களை வரிசையாக உரைத்தனர். இவரை அறிந்தார் ஒருவருமிலர். கோல் எல்லார் கண்ணுக்கும் புலனாம். அதற்கு முன் நிகழ்ந்த பயிற்சியோ புலனாகாது. ஆதலின், நம் திடலோரத்தில் ஊதுகுழலுடன் நிற்கும் ஆசானையேனும் இவ்வாண்டு பெயர் கூறிப் போற்றுவோமாக.