நார் இயந்திரம் தோட்டத்துக்கு வரட்டும்

குளித்தலைப் பக்கம் தார் வெட்டிய வாழைத் தோட்டத்தைப் பார்த்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை. வாழை ஒருமுறைதான் குலை தள்ளும். தார் இறங்கியதும் மரத்தைச் சாய்த்து வரப்போரம் தள்ளுகிறார்கள். அதற்கும் கூலி கொடுக்கிறார்கள். அந்தப் பட்டையில் நாரெடுத்துக் கயிறு திரிப்பதுதான் என் தொழில்.

நாரெடுக்கும் இயந்திரம் புதிதல்ல. சுழலும் உருளையின் தகடுகள் சதையைச் சுரண்டித் தள்ள, நார் கையில் நிற்கும். திருச்சியில் 1993 முதல் இருக்கும் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இதற்குப் பயிற்சியும் தருகிறது. சிக்கல் வேறிடத்தில். வெட்டிய மரத்தில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். அந்தத் தண்ணீரை வண்டியேற்றி என் கொட்டகைக்குக் கொண்டுவந்தால், நார் விற்ற காசு வண்டி வாடகைக்கே போய்விடும்.

எங்களைப் போன்ற சிறு தொழில்காரர்களுக்கு ஆளுக்கொரு இயந்திரம் மானியத்தில் வேண்டாம். வேளாண் பொறியியல் துறை டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறதே, அதுபோல இதையும் விடட்டும். டீசல் எஞ்சினோடு சக்கரத்தில் ஏற்றினால் தோட்டத்திலேயே நாரெடுக்கலாம். சதையும் சாறும் அந்த மண்ணுக்கே எருவாகும். தேய்ந்த தகட்டை மாற்றித்தர உள்ளூரில் ஒரு மெக்கானிக்கைப் பழக்க வேண்டும். பயிற்சி முடித்த மகளிர் குழுக்களுக்கு வாடகையில் முதலிடம் கொடுங்கள்.