மணமான பின் மகள் யாருடைய மகள்?

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காடு சென்றிருந்தோம். அங்குள்ள ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் இராபர்ட் புரூஸ் ஃபுட் என்பவருக்கு நினைவுச் சின்னம் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த நிலவியல் அறிஞர் அவர். தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பாதிரியார் பீட்டர் பெர்சிவல் அவருடைய மாமனார். 1882இல் ஏற்காட்டிலேயே மறைந்தார்.

'இராபர்ட்' என்றால் புகழொளி; பழைய ஜெர்மானியப் பெயர். 'புரூஸ்' பிரான்சின் நார்மண்டிப் பகுதி ஊரொன்றிலிருந்து வந்தது. 'ஃபுட்' என்பது பாதம். யாரோ ஒரு மூதாதைக்கு வைத்த பட்டப்பெயர். 'பீட்டர்' கிரேக்கத்தில் பாறை. பாறையின் மருமகன் கல்லை ஆராய்ந்தது நல்ல பொருத்தம்தான்! 1820களில் சேலம் கலெக்டராக இருந்து இம்மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்த காக்பர்னின் பெயர் ஸ்காட்லாந்து இடப்பெயர். எழுதுவது அப்படி, உச்சரிப்பதோ 'கோபர்ன்'. சேர்வராயனை 'ஷெவராய்' ஆக்கியவர்கள் தம் பெயரையும் விட்டுவைக்கவில்லை.

ஊர், தொழில், தந்தை, பட்டம் ஆகிய நான்கிலிருந்தே ஆங்கிலக் குடும்பப் பெயர்களுள் பெரும்பாலானவை பிறந்தன. சிமித் கொல்லர், ஜான்சன் ஜானின் மகன். நமக்கும் இது புதிதன்று. புகாரி என்பது ஊர். கய்யாம் என்பது கூடாரம் செய்பவர். 'இப்னு' தந்தையைச் சுட்டும்.

வேறுபாடு திருமணத்தில்தான். பெர்சிவலின் மகள் மணமானதும் 'திருமதி ஃபுட்' ஆகிவிட்டார். தந்தையின் பெயர் அவரிடமிருந்து அகன்றது. அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்களின் தந்தை ஹுயை, நபி (ஸல்) அவர்களைக் கடுமையாக எதிர்த்தவர். அந்நபியையே மணந்த பின்னரும் அவர்கள் ஸஃபிய்யா பின்த் ஹுயை என்றே அறியப்பட்டார்கள். தந்தையின் பெயராலேயே அழைக்கும்படி கூறும் அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் ஐந்தாம் வசனம் வளர்ப்பு மகன்கள் தொடர்பாக இறங்கியது. அதனால்தான் ஸைத் (ரலி) அவர்கள் மீண்டும் ஹாரிஸாவின் மகனானார்கள்.

நம் வீடுகளில் நடப்பது என்ன? நிக்காஹ் முடிந்த மறுவாரமே மகளின் தலைப்பெழுத்து மாறுகிறது. என் மகளின் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தபோது, உதவிக்கு வந்த ஒருவர் கேளாமலேயே குடும்பப் பெயர்க் கட்டத்தில் மருமகனின் பெயரை நிரப்பிவிட்டார். மணமான பெண் பெயரை மாற்றியே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை; கணவர் பெயருக்குத் தனிக் கட்டமே இருக்கிறது. மாற்றிய பிறகோ பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் ஒரு பெயர் என்று அவள்தான் அலைய வேண்டும்.

கணவர் பெயரைச் சேர்ப்பது கூடுமா கூடாதா என்பதை ஆலிம்கள் சொல்லட்டும். என் ஆதங்கம், நம்முடையதல்லாத ஒரு வழக்கத்தை மார்க்க மரியாதையென்று எண்ணிப் பின்பற்றுகிறோமே என்பதுதான். அந்தப் படிவத்தை நான் திரும்ப வாங்கினேன். மகளே தன் கையால் என் பெயரை எழுதினாள். மருமகன் அருகில் அமர்ந்து எழுத்துப் பிழை பார்த்துக் கொடுத்தார்.