காப்பி ஆலைக்குத் தராசோடு போங்கள்

மாணவர்களே, பெக்கோக்கிலிருந்து ரயில் பாதையில் தெற்கே போனால், பாலோவைத் தாண்டிக் குளுவாங் வரும். அந்த ஊர் ரயில் நிலையக் காப்பிக் கடை 1938 முதல் பெயர் பெற்றது. காப்பி வறுத்து அரைக்கும் ஆலைகளும் அங்கு உண்டு. இத்தகைய ஆலைகளுக்குப் போகும் பள்ளிச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் எப்படி முடிகின்றன? ஒரு சுற்று சுற்றுகிறோம், கொடுத்த காப்பியைக் குடிக்கிறோம், படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். இது பாதிச் சுற்றுலாதான் என்பேன். வறுக்கும் கொட்டகை ஓர் ஆய்வுக்கூடம். அங்கே வேலை இருக்கிறது.

முதலில், அந்தக் கொட்டை எந்த மரத்தினுடையது என்று கேளுங்கள். உலகில் அதிகம் விளைபவை அராபிக்காவும் ரொபஸ்டாவும். ஜொகூரில் பேர்பெற்றதோ லைபெரிக்கா. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்த மரம் தாழ்நில வெப்பத்தைத் தாங்கும். 1869-இல் இலங்கைக் காப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியது. ஒரு பூஞ்சைதான் காரணம். சில பத்தாண்டுகளில் அங்கே காப்பித் தொழில் அழிந்தது. தோட்ட முதலாளிகள் சிலர் மலாயாவுக்கு வந்து காப்பி நட்டார்கள். ரப்பருக்கு முன்னரே தமிழர்கள் இங்கே காப்பித் தோட்டங்களில் உழைத்திருக்கிறார்கள். கண்ணுக்கு எளிதில் தெரியாத ஓர் உயிர் மனிதர்களின் வழியையே மாற்றியிருக்கிறது.

அடுத்து, அனுமதி கேட்டு 100 கிராம் பச்சைக் கொட்டையை நிறுத்துப் பாருங்கள். முகர்ந்தும் பாருங்கள், காப்பி மணம் இருக்காது. வறுத்த பிறகு அதே கொட்டை ஏறத்தாழ 85 கிராம்தான் இருக்கும், ஆனால் பருத்திருக்கும். நிறை குறைந்து கன அளவு கூடினால் அடர்த்தி என்னவாகும்? காணாமற்போன நிறை நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் வெளியேறியது. ஏறத்தாழ 200 டிகிரி செல்சியசில் உள்ளழுத்தம் தாங்காமல் கொட்டை படபடவென வெடிக்கும். அனுபவமுள்ளவர் அந்தச் சத்தத்தைக் கேட்டே பதம் அறிவார். பழுப்பு நிறமும் மணமும் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சூட்டில் வினைபுரிவதால் வருபவை. பிரெஞ்சு வேதியியலாளர் மயார் 1912-இல் விளக்கிய வினை இது. தோசை பொன்னிறமாவதும் சாத்தே மணப்பதும் இதனால்தான்.

ஓர் எச்சரிக்கை. நம் நாட்டுப் பாரம்பரிய முறையில், வறுவலின் முடிவில் சீனியும் மார்ஜரினும் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு நிறுத்தால் கணக்கு தப்பும். சேர்ப்பதற்கு முன்பே நிறுத்துவிடுங்கள்.

இனிச் சுவை பார்க்கும் நேரம். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடியுங்கள். கசப்பும் புளிப்பும் மட்டும் தெரியும். மூக்கை விடுங்கள், காப்பி 'வந்துவிடும்'. நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பகுதி மணமே. நாக்கின் நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்ற பழைய படம் தவறு. சுவை மொட்டுகள் உள்ள எல்லா இடங்களிலும் ஐந்து சுவைகளும் தெரியும்.

"எங்கள் காப்பி தனி ருசி" என்று ஆலைக்காரர் சொல்வார். மரியாதையோடு கேளுங்கள், பிறகு சோதியுங்கள். மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே காப்பி, ஒன்றில் வேறு. எதில் எது என்பது ஊற்றிய நண்பருக்கு மட்டும் தெரியட்டும். சும்மா ஊகித்தாலே வேறுபட்டதைக் கண்டுபிடிக்க மூன்றில் ஒரு வாய்ப்பு உண்டு. அதனால் ஒருமுறை சரியாகச் சொல்வது சான்றாகாது. தொடர்ந்து நான்கு முறை ஊகத்தால் சரியாக அமைய 81-இல் ஒரு வாய்ப்புதான். நான்கு முறையும் கண்டுபிடித்தால் உங்கள் நாக்கையும் மூக்கையும் நம்பலாம்.

மூன்றாம் படிவம் முடிந்ததும் அறிவியல் பாடங்களை எடுப்பதா, விடுவதா என்று நீங்கள் முடிவெடுக்க வேண்டும். அறிவியல் கோலாலம்பூரில் வெள்ளை அங்கி போட்டவர்களின் வேலை, சிற்றூர்ப் பிள்ளைகளுக்கு எட்டாது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். நிறுத்துப் பார்ப்பது, சொன்னதைச் சோதிப்பது, கிடைத்ததை எழுதி வைப்பது ஆகியவைதான் அதன் அடிப்படை. அவற்றுக்கு ஒரு தராசும் மூன்று கோப்பைகளும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும். அடுத்த சுற்றுலாவுக்கு உங்கள் ஆசிரியர் பெயர் எடுக்கும்போது, தராசை யார் கொண்டு வருவது என்று கேளுங்கள்.