வலையை அறுத்தவருக்குப் பரிசு, வயலை இழந்தவருக்கு?

மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் கரைகளில் வயதான மீனவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ‘ஆவுளியா’ என்ற சொல் காதில் விழும். கடற்பசுவுக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஒரு காலத்தில் வலையில் ஆவுளியா சிக்கினால் அன்றைக்குக் கரையில் இறைச்சி. இன்றைக்குச் சிக்கினால் வலையை அறுத்துக் கடலில் விடுகிறார்கள்.

கடற்பசு பாலூட்டி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை நீருக்கு மேலே வந்து மூச்சுவிட வேண்டும். வலைக்குள் அமுங்கிப்போனால் மூச்சு முட்டிச் செத்துவிடும். அதிகாரிக்குத் தகவல் சொல்லிக் காத்திருக்க நேரமில்லை. கத்தியைக் கையில் வைத்திருப்பவர்தான் அந்த நொடியில் முடிவெடுக்க வேண்டும். அறுபடுவதோ கடன்பட்டு வாங்கிய வலை.

தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் கடலோரத்தில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைப் பாக் விரிகுடா கடற்பசு பாதுகாப்பகமாக 2022 செப்டம்பரில் தமிழக அரசு அறிவித்தது. நாட்டிலேயே கடற்பசுவுக்கென அமைந்த முதல் பாதுகாப்பகம் இது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 முதலே இருக்கிறது. அது மட்டும் போதுமென்றால் ஆவுளியா எப்போதோ தப்பித்திருக்கும். வனத்துறையினரும் ஆய்வாளர்களும் மீனவக் குப்பங்களுக்குப் போய்ப் பேசினார்கள். கடற்பசுவை விடுவித்த மீனவர்களை மேடையேற்றி ரொக்கப் பரிசும் பாராட்டுச் சான்றிதழும் தந்தார்கள். ‘உன் இழப்பு எங்களுக்குத் தெரியும்’ என்று அரசு சொன்ன பிறகுதான் மனம் மாறியது.

இதே புதுக்கோட்டை மாவட்டத்தின் மேற்கே போவோம். விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் பக்கம் விடிவதற்கு முன்பே மயில் அகவும். முருகன் மலையைச் சுற்றித் திரியும் மயில்களைப் பார்க்க வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வருகிறார்கள். அந்த மயில்தான் விதைத்த கடலையைக் கிளறித் தின்கிறது; பால்பிடிக்கும் நெற்கதிரை உருவுகிறது; மிளகாயையும் தக்காளியையும் கொத்திப் போடுகிறது. மானாவாரி நிலத்தில் ஒரு மழையை நம்பி விதைத்தவருக்கு மறு விதைப்புக்குக் காசும் இல்லை, ஈரமும் இல்லை.

மயில் 1963 முதல் தேசியப் பறவை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கொன்றால் மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. அந்தக் கடுமை தேவைதான். ஆனால் விஷம் தோய்ந்த தானியத்தைத் தின்று மயில்கள் கூட்டமாகச் செத்துக் கிடக்கும் செய்தி, தமிழ்நாட்டின் ஏதாவதொரு மாவட்டத்திலிருந்து வந்துகொண்டேதான் இருக்கிறது. முருகனின் வாகனம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறவர்களின் ஊர்களில் இது நடக்கிறது. இதற்கு மனிதர்களின் கொடூரத்தை மட்டும் காரணம் காட்டிவிட்டுக் கடந்துபோக முடியாது. கேட்பாரில்லாத இழப்பும் ஒரு காரணம்.

யானை மிதித்த தோட்டத்தைப் பார்த்தாலே தெரியும், அளந்துவிடலாம். மயில் கொத்திய வயலை எப்படி அளப்பது? நிவாரணம் கேட்டு மனு கொடுத்து, கிராம நிர்வாக அலுவலர் சான்று வாங்கி, வேளாண்மை அலுவலரும் வனத்துறையும் பார்வையிடுவதற்குள் அறுவடையே முடிந்துவிடும். பலர் மனுவே கொடுப்பதில்லை. மனு இல்லாததால் சேதமும் இல்லை என்று கணக்கு சொல்கிறது.

மயில் ஏன் இவ்வளவு பெருகியது? தரையில் முட்டையிடும் பறவை அது. முட்டையைத் தின்னும் நரியும் காட்டுப்பூனையும் குறைந்துவிட்டன. புதுக்கோட்டை நகருக்குள்ளேயே நரிமேடு என்றொரு பகுதி இருக்கிறது. இன்று அங்கே நரி எங்கே? தரிசாய்க் கிடக்கும் நிலங்களில் மண்டிய சீமைக்கருவேலம் மயிலுக்கு மறைவிடமாகிவிட்டது.

மானின் கதை இதற்கு நேர்மாறு. தொண்டைமான் மன்னர்கள் வேட்டைக்கென ஒதுக்கிவைத்த காடுகள் இங்கே இருந்தன. வீரை, காசா, உலக்கைப்பாலை என்று இந்த மண்ணின் மரங்கள் நின்ற இடங்களில் பிறகு காகித ஆலைக்கான தைலமரம் வரிசை வரிசையாக வந்தது. தைலமரத் தோப்புக்குள் பசும்புல்லும் குறைவு, பழமும் இல்லை. கோடையில் தண்ணீர் தேடி ஊருக்குள் வரும் புள்ளிமானை நாய்கள் குதறுகின்றன. அல்லது அது கைப்பிடிச் சுவரில்லாத கிணற்றில் விழுகிறது. ஊருக்குள் மான் வந்தது என்கிறோம். அதன் காட்டுக்குள் நாம் போய் வெகுநாளாகிவிட்டது.

மலை மாவட்டங்களில் விலங்கு ஊருக்குள் வருவது மனிதருக்கும் உயிர்ப் பிரச்சினை. கோத்தகிரிப் பக்கம் கரடிகள் கோயில் விளக்கின் எண்ணெயைத் தேடியும் கடைகளில் இருக்கும் தின்பண்டத்தைத் தேடியும் வருகின்றன. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே ஒரு கரடி மூன்று பேரைக் கடித்துக் குதறியது. மயக்க ஊசி போட்டுப் பிடித்துக் காட்டில் விடப்பட்ட அந்தக் கரடியும் பிழைக்கவில்லை. மனிதர், விலங்கு இரண்டு பக்கமும் தோற்ற சந்திப்பு அது. மனிதர் இருக்குமிடத்தில் எளிதாகத் தீனி கிடைக்கும் என்று பழகிய விலங்கைத் திருப்பியனுப்புவது கடினம். குடுமியான்மலையிலும் விராலிமலையிலும் குரங்குக்குப் பழமும் பொரியும் நீட்டும் நாம் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வரும் காட்டுப்பன்றிகளை வனத்துறையே சுடலாம் என்று 2025 ஜனவரியில் அரசு முடிவெடுத்தது. விவசாயிகள் பல ஆண்டுகள் போராடிக் கிடைத்தது அது. தூரத்தை அளந்து சுடுவதற்கு விதி எழுத முடிந்த அரசால், நாட்களை அளந்து நிவாரணம் கொடுக்கவும் விதி எழுத முடியும்.

புகார் கொடுத்த ஏழு நாளுக்குள் கள ஆய்வு நடக்க வேண்டும். விவசாயி கைப்பேசியில் எடுத்த படமும், ஊராட்சித் தலைவரும் பக்கத்து நிலத்துக்காரரும் தரும் சாட்சியும் போதும் என்று ஏற்க வேண்டும். நிவாரண விதியில் மயில் என்ற பெயர் தெளிவாக எழுதப்பட வேண்டும். வெட்டி முடித்த தைலமரத் தோப்புகளில் ஒரு பகுதியையாவது ஒவ்வோர் ஆண்டும் நாட்டு மரங்களுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாற்றுக்கு விதை தேடி அலைய வேண்டியதில்லை. ஐயனார் காவலில் தப்பிய கோயில்காடுகள் இந்த மாவட்டமெங்கும் இருக்கின்றன. அவற்றின் எல்லையைக் கல் நட்டுக் காக்க வேண்டும். காப்புக்காடுகளின் தண்ணீர்த் தொட்டிகளைப் பங்குனிக்கு முன்பே நிரப்ப வேண்டும். தரைமட்டக் கிணறுகளுக்குச் சுவர் எழுப்ப மானியம் வேண்டும்.

இவற்றில் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. கிழக்குக் கரையில் ஒரு வழி நம் கண்ணெதிரே பலித்திருக்கிறது. இழப்பை ஏற்றவரைத் தேடிப்போய்க் கையைப் பிடித்தார்கள், ஆவுளியா பிழைத்தது. அதே கை விராலிமலைக் கடலைக்காட்டுக்கும் நீள வேண்டும். அடுத்த ஆடிப்பட்டத்தில் விதை மண்ணில் விழுவதற்கு முன் நீண்டால், விவசாயிக்கும் நல்லது, மயிலுக்கும் நல்லது.