நிறம் போடும் கை யாருடையது?

ஆரம்ப சுகாதார நிலையம் ஒழுங்காக நடக்கிறதா என்று டாக்டரைக் கேட்கிறார்கள், பதிவேட்டைப் புரட்டுகிறார்கள். சீட்டோடு வரிசையில் நிற்கிற நம்ம சனத்தை யாரும் கேட்பதில்லை. மருத்துவத்தைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் மக்களுக்குப் பங்குண்டு என்று 1978இல் அல்மா ஆட்டாவில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. 2005இல் வந்த தேசிய ஊரக சுகாதார இயக்கம் நிலையத்துக்கொரு நோயாளர் நலச் சங்கம், கிராமத்துக்கொரு சுகாதாரக் குழு, குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் என்று விதித்தது.

சரி, அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பது யார்? என் கேள்வி அதுதான். உங்கள் காலனியில் விசாரியுங்கள் தோழர்களே: குழுவில் நம்மாளு யாரு, எப்பக் கூடுச்சு, பணம் எதுக்குப் போச்சு? பதில் வராத இடத்தில் குழு ஊர்த்தெருவோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

2007இல் ஒன்பது மாநிலங்களில் சமூகக் கண்காணிப்பு சோதனையாகத் தொடங்கியது. தமிழகத்தில் ஐந்து மாவட்டங்கள், தருமபுரி அதிலொன்று. 2004இலேயே தனியாகப் பிரிந்த எங்கள் கிருஷ்ணகிரி அதில் இல்லை, தளியும் இல்லை. கிராமத்து மக்களே விசாரித்து, அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டார்கள். எழுத்துத் தெரியாத கிழவிக்கும் சிவப்பு தெரியும். நல்ல ஏற்பாடு.

ஆனால் நிறம் போடும் கை யாருடையது? 11 மாநிலங்களில் 565 கிராமங்களைப் பார்த்து 2006இல் வெளியான தீண்டாமை ஆய்வு, மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் சுகாதாரப் பணியாளர்கள் தலித் வீடுகளுக்கு வர மறுத்ததைப் பதிந்தது. அப்படிப்பட்ட கிராமத்தில் ஊர்த்தெரு அட்டையில் பச்சை விழும், சேரி அட்டையில் சிவப்பு விழும். இரண்டையும் கூட்டி மஞ்சள் என்று எழுதிவிட்டால் தீண்டாமை கணக்கிலிருந்தே காணாமல் போகும்.

ஆகவே காலனிக்குத் தனி அட்டை வேண்டும். நிரப்புவது காலனிப் பெண்கள். வீட்டுக்குள்ள வந்தாங்களா, தொட்டுப் பார்த்தாங்களா, மரியாதையாப் பேசுனாங்களா என்ற கேள்விகள் மாத்திரைக் கணக்குக்கு முன்னால் வரவேண்டும். தளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசுகிற சனமும் இருக்கிறது. அவர்களை அவர்கள் மொழியிலேயே கேட்க வேண்டும். ஓசூர் கம்பெனிக்கு ஷிப்டு போகிறவர்களுக்குத் தோதாகக் கூட்டம் ராத்திரியில் நடக்கட்டும். சேரியில் நடக்கட்டும். டாக்டர் அங்கே வந்து பதில் சொல்லட்டும். ஆள் பத்தாமல் திணறுகிற நர்சுக்கும் இந்த அட்டை கைகொடுக்கும்; கூடுதல் ஆள் கேட்க அதுவே சாட்சி.

மாணவத் தோழர்களே, லீவுக்கு ஊருக்குப் போனால் நலச் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலைக் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டம் 2005லிருந்து கையில் இருக்கிறது. பட்டியலில் நம்ம சனத்துப் பேர் இல்லாட்டி, முதல் சிவப்பை அங்கேயே போடுங்கள்.