அடைத்த செவிக்கு இன்னொரு வழி

தோட்டப்புறத்தில் வாழ்வோர்க்குச் செவியின் அருமை சொல்லித் தெரியவேண்டுவதில்லை. முன்னாளிற் பிரட்டுத் தப்பும், பின்னாளிற் தொழிற்சாலைச் சங்கும் ஒலிக்கவே பொழுது புலர்ந்த இடம் அது. மலைச்சரிவிற் பனிமூட்டம் இறங்கி, பக்கத்து நிரையிற் கொழுந்தெடுப்பவர் முகமும் மறைந்துவிடும் வேளையில் மனிதர்க்குக் குரலன்றி வேறு துணை ஏது?

அத்தகைய இடத்திலே, வடியும் காதைப் பெரிதாகக் கொள்ளாத வழக்கம் இன்றும் இருந்துவருவதை நாம் காண்கிறோம். "சளிக்காது, வளர்ந்தாற் சரியாகிவிடும்" என்று சொல்லிக் காய்ச்சிய எண்ணெயையோ பச்சிலைச் சாற்றையோ ஊற்றிவிடுகின்றனர். இது தவறு. செவிப்பறையிலே துவாரம் விழுந்த காதில் ஊற்றுவது நடுச்செவிக்குள்ளே இறங்கிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் வடியும் காதை வைத்தியர் பார்த்தே ஆகவேண்டும்.

வைத்தியம் செய்தும் சிலருக்கு வடிதல் முற்றாக நிற்பதில்லை, கேள்விப்புலனும் குன்றிவிடுகிறது. வழக்கமான காது கேட்கும் கருவி இவர்களுக்கு ஒத்துவராது. அது துவாரத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் உள்ளே ஈரம் தேங்குகிறது; சீழ் பெருகுகிறது; அச்சீழே கருவியையும் பழுதாக்குகிறது.

இன்னொரு சாரார், பிறவியிலேயே செவித்துவாரம் இல்லாதவர்கள். புறச்செவி சிறுத்து, துவாரம் இருக்கவேண்டிய இடம் தோலால் மூடப்பட்டிருக்கும். இத்தகைய பிறவி அரிது. பத்தாயிரம் முதல் இருபதாயிரம் குழந்தைகளுக்கு ஒன்று என்பர். ஆனால் அந்த ஒரு குழந்தை லயத்தின் கோடி அறையிற் பிறந்துவிட்டால், "செவிடு, ஊமை" என்று பெயர் சூட்டி மூலையில் இருத்திவிடுவதை என்னென்பது! உட்செவி கருவிலே வேறொரு மூலத்திலிருந்து உருவாவது; ஆகவே இப்பிள்ளைகளுட் பெரும்பாலார்க்கு நத்தைச்சுருளும் நரம்பும் செவ்வையாகவே இருக்கின்றன. ஒலி உள்ளே செல்ல வாயில் இல்லை, அவ்வளவே.

இவர்களுக்கு இதுகாறும் இருந்த வழி, என்பினூடாக ஒலியைச் செலுத்துவது. காதின் பின்புறத்து என்பின்மேல் அதிர்வு தரும் கருவியைத் தலைப்பட்டியால் இறுக்கிக் கட்டவேண்டும். இறுக்கினால் தோல் கன்றும், தலை வலிக்கும். தளர்த்தினால் ஒலி குன்றும். கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி மலையேறும் பெண்ணுக்கு அதன்மேல் இன்னுமொரு பட்டி எங்ஙனம் இசையும்? சுவீடன் நாட்டுக் கோதன்பேர்க் நகரில் 1977 இல், மண்டையோட்டில் தைத்தேனிய ஆணி பதித்து அதிலே கருவியை மாட்டும் முறை கையாளப்பட்டது. நல்ல முறைதான், ஆயினும் அறுவைச் சிகிச்சை வேண்டும், ஆணியைச் சுற்றியுள்ள தோலை நாள்தோறும் பேணவும் வேண்டும்.

2004 ஆம் ஆண்டில் யப்பானின் நாரா மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோஷி ஹொசொய் என்னும் வைத்தியர் மூன்றாவது வழியொன்றைக் கண்டார். அது குருத்தெலும்பின் வழி. நம் மாணவர் பாடநூலிற் கசியிழையம் என்று படிப்பது இதனையே. செவிக்கால்வாயின் வெளிப்புற மூன்றிலொரு பங்கு இக்குருத்தெலும்பால் ஆனது. சிறியதோர் அதிர்வியைக் காதின் வாயிலில் வைத்தால், குருத்தெலும்புக் குழாயே அதிர்ந்து கால்வாயிலுள்ள காற்றில் ஒலியைப் பிறப்பிக்கிறது. கனத்த மண்டையோட்டை அசைக்கவேண்டியதில்லை. ஆகவே அழுத்திக் கட்டவும் வேண்டியதில்லை. இருபக்கமும் ஒட்டும் நாடாவாலோ காதின் அச்சுக்கேற்ற சிறு பிடியாலோ பொருத்தலாம். ரியோன் என்னும் யப்பானிய நிறுவனம் 2017 இல் இக்கருவியை அந்நாட்டில் விற்பனைக்கு விட்டது.

மாணவர்கள் இதனை ஆய்வுகூடத்திலேயே சோதித்துப் பார்க்கலாம். இசைக்கவையைத் தட்டி, அதன் காம்பைச் செவிவாயிலின் முன்னுள்ள சிறு மேட்டில் மெல்ல வைத்துப் பாருங்கள். பின்னர்க் காதின் பின்னுள்ள என்பில் அவ்வாறே மெல்ல வையுங்கள். வேறுபாடு சட்டெனப் புலப்படும். (இசைக்கவையை மேசையில் அடித்து நெளித்துவிடாதீர்கள், இறப்பர்த் துண்டிலே தட்டுக.)

கால்வாயே இல்லாத பிள்ளைக்கு இது எப்படிப் பயன்படும் என்று கேட்கலாம். மூடியிருப்பது மெல்லிய தசையும் நாரும் ஆயின், அதிர்வு அவற்றினூடாகச் செவிச்சிற்றென்புகளை எட்டுகிறது. தடித்த என்பே அடைத்திருப்பின் பயன் குறையும். இரு காதும் மூடிய பிள்ளைகளுக்கே இக்கருவி முதன்மையாக வேண்டியது. ஒரு காது மட்டும் மூடியவர்க்கும், இரைச்சலான வகுப்பறையிலும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் பேசும்போதும் உதவுகிறது. காது வடிவோர்க்கு, துவாரத்தை அடைக்காது திறந்தே விடலாம் என்பது பெரும் ஆறுதல்.

ஆயினும் இஃது எல்லாச் செவிக்கும் மருந்தன்று. தேயிலைத் தொழிற்சாலையில் உருளை இயந்திரங்களின் பேரிரைச்சலில் ஆண்டுக்கணக்காக நின்று செவி மங்கியவரின் பழுது நத்தைச்சுருளிலே இருக்கிறது. முதுமையால் மந்தமானவரின் பழுதும் பெரும்பாலும் அங்கேயே. அவர்க்கு வாயில் திறந்தே இருக்கிறது. வழக்கமான கருவியே பொருத்தம். கேள்வி அடியோடு போய்விட்டவர்க்கு இது சிறிதும் உதவாது. யார் எந்த வகையினர் என்பதைக் கேள்விச் சோதனை ஒன்றே காட்டும். அது பார்க்காமல் எக்கருவிக்கும் பணம் கொடுக்கலாகாது.

துவாரமில்லாத குழந்தையைப் "பள்ளிக்கூட வயது வரட்டும்" என்று வைத்திருப்பதும் ஆகாது. காதை அமைக்கும் அறுவைச் சிகிச்சைக்குச் சில ஆண்டுகள் காத்திருக்கவேண்டும் என்பது உண்மை. ஆனால் பேச்சு அதற்காகக் காத்திருப்பதில்லை. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளிற் காதில் விழும் சொற்களைக் கொண்டே பிள்ளை மொழியைக் கட்டுகிறது. எனவே பெற்றோர் தோட்டத்து மருந்தகத்தோடு நின்றுவிடாமல், கைக்குழந்தையாக இருக்கும்போதே கண்டித் தேசிய வைத்தியசாலை போன்ற பெரிய இடங்களின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவுக்குக் கொண்டுசென்று காட்டுக. பிறந்த குழந்தைக்கும் கேள்விச் சோதனை செய்ய இயலும்; குழந்தை உறங்கிக்கொண்டிருக்கும்போதே அதனைச் செய்துவிடுவர்.